கொடையா, ஒப்புரவா?

பிரிட்டனில் வண்டி வைத்திருப்பவர்கள் வாகன வரியைத் தவணை தவறாமல் புதுப்பிக்க வேண்டும். இணையத்தில் வரி கட்டி முடித்ததும் நன்றி சொல்லும் பக்கம் ஒன்று திரையில் வரும். 2013-இல் அந்நாட்டு அரசு அந்தப் பக்கத்தில், உறுப்புக் கொடையாளராகப் பதிவு செய்துகொள்ளுமாறு ஓர் அழைப்பை வைத்தது. எந்தச் சொற்கள் மக்களைத் தொடுகின்றன என்று அறிய எட்டு வடிவங்களைத் தயாரித்து, யாருக்கு எது காட்டப்படும் என்பதைக் குலுக்கல் முறைக்கு விட்டது. ஐந்து வாரங்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் பக்கத்தைக் கடந்து சென்றார்கள். பதிவு செய்யுங்கள் என்று மட்டும் சொன்ன வடிவத்தைக் கண்டவர்களில் 2.3 சதவீதம் பேர் பதிந்தார்கள். ஒரு கூட்டம் மனிதர்களின் படத்தைச் சேர்த்த வடிவம் அதைவிடக் குறைவான பேரையே ஈர்த்தது. முதலிடம் பெற்றது ஒரு கேள்வி: உங்களுக்கு மாற்று உறுப்பு தேவைப்பட்டால் ஏற்றுக்கொள்வீர்களா? ஏற்பீர்கள் என்றால் பிறருக்கும் உதவுங்கள். இதைப் பார்த்தவர்களில் 3.1 சதவீதம் பேர் பதிந்தார்கள். ஓராண்டு முழுவதும் இந்தச் சொற்களையே வைத்திருந்தால் பதிவேட்டில் ஏறத்தாழ 96,000 பெயர்கள் கூடுதலாகச் சேரும் என்று சோதனையை நடத்தியவர்கள் கணக்கிட்டார்கள்.

நிர்வாகத் துறையினர் இதை விளம்பர உத்தியின் வெற்றியாக எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இதில் ஓர் அறக்கேள்வி தெரிகிறது. அந்தப் பக்கம் யாருடைய இரக்கத்தையும் தூண்டவில்லை. புண்ணியம் கிடைக்கும் என்று சொல்லவில்லை. நீங்கள் வாங்கிக்கொள்ளத் தயார் என்றால் கொடுக்கவும் தயாரா என்று மட்டும் கேட்டது. வண்டி வரி கட்டும் சலிப்பான வேலைக்கு நடுவில், மனிதனை அவன் மனச்சாட்சியின் முன்னால் ஒரு நிமிடம் நிறுத்தியது. இது கொடையைக் கொச்சைப்படுத்துகிறதா, அல்லது கொடையின் உண்மையான அடித்தளத்தைக் காட்டுகிறதா? அரசின் ஒரு படிவம் இப்படிக் கேட்கலாமா? கேட்கலாம் என்பதே என் முடிவு. உறுப்பைக் கொடுப்பதை வள்ளல்களின் அருஞ்செயலாகப் பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரே ஊரில் வாழ்பவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ள வேண்டிய ஒப்புரவு. ஒப்புரவைக் கேட்கும் இடம் கோயிலும் மேடையும் மட்டுமல்ல, வண்டிக் காகிதமும்தான். ஆனால் இப்படிக் கேட்பவருக்கும் அந்தக் கேள்வியால் ஒரு கடன் ஏற்படுகிறது. அந்தக் கடனைப் பற்றியும் சொல்லாமல் இந்த வாதம் முழுமை பெறாது.

முதல் மறுப்பு கொடையின் தூய்மை பற்றியது. 'நீ வாங்குவாய் அல்லவா, ஆகவே கொடு' என்பது கைமாற்றுக் கணக்கு. கணக்குப் பார்த்துக் கொடுப்பது தானமாகுமா என்று கேட்கலாம். தமிழ் மரபு இந்த மறுப்பை நன்றாக அறியும். வள்ளுவர் இல்லாதவர்க்குக் கொடுப்பதை மட்டுமே ஈகை என்கிறார். மற்றவற்றைக் குறியெதிர்ப்பை என்று ஒதுக்குகிறார். அளந்து வாங்கிய தானியத்தை அதே அளவில் திருப்பித் தருவதுதான் குறியெதிர்ப்பை. நம் விசேஷ வீடுகளில் மொய் எழுதுவதும் இந்த வகைதான். வாசலில் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்து பெயரையும் தொகையையும் எழுதிக்கொள்வார்; நாளை அவர் வீட்டுக் காரியத்தில் செய்முறை திரும்பிப் போகும். அதில் ஊரைச் சேர்த்துக் கட்டும் பயன் உண்டு. ஆனால் அதை ஈகை என்று யாரும் சொல்வதில்லை. பிரிட்டனின் கேள்வி உறுப்புக் கொடையையும் மொய் நோட்டில் எழுதிவிடுகிறது என்பதுதான் மறுப்பின் சாரம்.

ஆனால் திருக்குறளில் ஈகை அதிகாரத்துக்கு முன்னால் இன்னோர் அதிகாரம் இருக்கிறது. 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். 23-ஆம் அதிகாரம் ஈகை. கொடுப்பதை ஒரே அதிகாரத்தில் சொல்லி முடிக்காமல் வள்ளுவர் இரண்டாகப் பிரித்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது. ஈகை இருப்பவன் இல்லாதவனுக்குச் செய்வது. அங்கே மேடும் பள்ளமும் உண்டு. ஒப்புரவு ஒத்து வாழ்கிறவர்கள் ஒருவர் தேவையை ஒருவர் அறிந்து செய்வது. ஒப்புரவு அறநூல்களில் விதியாகச் சொல்லப்படுவதல்ல, உலக நடையைப் பார்த்துத் தானே அறிந்து செய்ய வேண்டியது. அதனால்தான் தலைப்பில் 'அறிதல்' என்ற சொல் வந்தது என்று பரிமேலழகர் விளக்குகிறார். அந்த அதிகாரத்தின் உவமைகளையும் பாருங்கள். ஊர் குடிக்கும் நீர்நிலையான ஊருணி, ஊர் நடுவில் பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். மழை கைம்மாறு எதிர்பார்ப்பதில்லை என்பதையும் அங்கேதான் சொல்கிறார். ஆக ஒப்புரவு மொய்க் கணக்கும் இல்லை, வள்ளல் தன்மையும் இல்லை. கைம்மாறு கருதாத, ஆனால் கட்டாயம் செய்ய வேண்டிய கடமை. எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம் என்ற உவமை, சாவுக்குப் பின் தன் உடலை மற்றவர்களுக்கு விட்டுச்செல்லும் மனிதனுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்துக்குத் திரும்புவோம். அதில் கைமாற்று ஏதாவது இருக்கிறதா? இறந்தவருக்கு எதுவும் திரும்பி வரப்போவதில்லை. பதிவு செய்தவருக்கு நாளை உறுப்பு தேவைப்பட்டால் அவர் கொடையாளர் என்பதற்காகப் பிரிட்டனில் வரிசையில் முந்த முடியாது; மறுத்தவரும் பின்னுக்குத் தள்ளப்படுவதில்லை. எதுவும் கைமாறாத இடத்தில் குறியெதிர்ப்பைக்கு இடமில்லை. அந்தக் கேள்வி காட்டுவது ஓர் உண்மையை: நீங்கள் ஏற்கெனவே அந்த மழையின் கீழ்தான் நிற்கிறீர்கள். உறுப்பைக் கொடுக்கும் வகையில் இறப்பவர்கள் மிகச் சிலர். மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், குறிப்பிட்ட விதத்தில் நேரும் மரணங்களில் மட்டுமே அது இயலும். பிரிட்டனில் இறப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். உறுப்பைக் கொடுக்கும் நிலை நமக்கு வருவதைவிட, உறுப்பு தேவைப்படும் நிலை வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். வாங்குபவர்களின் பக்கத்தில் நின்றுகொண்டு கொடுப்பதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளும் மயக்கத்தைத்தான் அந்தக் கேள்வி கலைக்கிறது.

உறுப்பு தானத்துக்காகப் பேசுபவர்கள் நம்மிடம் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது புராணங்களை. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் வைத்த சிபி. வச்சிராயுதம் செய்யத் தன் எலும்பைத் தந்த ததீசி. குருதி வழிந்த லிங்கத்துக்குத் தன் கண்ணைப் பெயர்த்து அப்பிய கண்ணப்பர். இவை மகத்தானவை. ஆனால் இந்த எடுத்துக்காட்டு நம்மை அறியாமல் ஒரு தீங்கையும் செய்கிறது என்று நினைக்கிறேன். இவர்கள் மூவரும் உயிரோடு இருக்கும்போதே, வலி தாங்கி, தமக்கு வேண்டியதைத் தந்தார்கள். மூளைச்சாவு அடைந்தவர் வலியை உணர்வதில்லை. தரப்படும் சிறுநீரகமும் கல்லீரலும் இனி அவருக்குப் பயன்படாதவை. தராவிட்டால் மறுநாள் அவை நெருப்புக்கோ மண்ணுக்கோ போகும். சிபியை அளவுகோலாக வைத்தால் சாதாரண மனிதன், 'அது மகான்களால் முடிந்த காரியம், நமக்கெங்கே' என்று கும்பிட்டுவிட்டு நகர்வான். 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. துயரத்தின் நடுவில் ஒரு குடும்பம் எடுக்கும் முடிவுக்கு அந்த மரியாதை தகும். ஆனால் பீடத்தில் ஏற்றி வணங்குவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. ஊருணியை யாரும் வீரன் என்று பாராட்டுவதில்லை. அது அங்கே இருக்க வேண்டியது, இருக்கிறது. உறுப்புக் கொடையும் அப்படி இயல்பாக வேண்டுமானால், அதைப் பற்றிய பேச்சு இயல்பான இடங்களில் எழ வேண்டும். வரி கட்டும் பக்கம் அப்படியோர் இடம்.

அடுத்த மறுப்பு சமய நம்பிக்கையிலிருந்து வருகிறது. அதை எள்ளி ஒதுக்குவது நியாயமில்லை. கண்ணைக் கொடுத்தால் மறுபிறவியில் பார்வையில்லாமல் பிறப்போம் என்ற அச்சம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. உடல் முழுமையாக மண்ணுக்குப் போக வேண்டும் என்ற உணர்வு இஸ்லாமியரிடமும் கிறித்தவரிடமும் உண்டு. ஆனால் இந்த மரபுகள் தமக்குள்ளேயே இதற்கு விடை தேடியிருக்கின்றன. மறுபிறவியை நம்புகிற சமயங்களின் அடிப்படை, பிறவிதோறும் தொடர்வது வினை, உடல் இங்கேயே விடப்படுகிறது என்பதே. எரிந்து சாம்பலாகும் கண்ணால் மறுபிறவிக்குக் குறை வராது என்றால், இன்னொருவர் முகத்தில் பார்க்கும் கண்ணால் எப்படிக் குறை வரும்? வினைக் கொள்கையின்படியே கூட, ஒருவருக்குப் பார்வை தந்த செயல் இருட்டாகத் திரும்பாது. இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பைச் சேர்ந்த ஃபிக்ஹ் (சமயச் சட்ட) பேரவை 1988-இல் ஜித்தாவில் கூடி, நிபந்தனைகளோடு மாற்று உறுப்புச் சிகிச்சையை அனுமதித்தது. தென்னாசிய உலமாக்களில் ஒரு சாரார் இதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. 2000-ஆம் ஆண்டு ரோம் நகரில் மாற்று உறுப்பு மருத்துவர்களின் மாநாட்டில் பேசிய போப் இரண்டாம் ஜான் பால், உறுப்புக் கொடையை அன்பின் செயலாக வரவேற்றார். கூடவே, அது கொடுப்பவரின் விருப்பத்தோடு நிகழ வேண்டும், விற்பனையாகிவிடக் கூடாது என்று எல்லையும் வகுத்தார். அவரவர் சமயத்தை அவரவர் நினைத்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும் என்பதே இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. அப்படி நினைத்துப் பார்க்க வைப்பது கேள்வி. கேட்காமலே அனைவரும் சம்மதித்ததாக வைத்துக்கொள்ளும் சட்டம் அந்த வாய்ப்பைத் தருவதில்லை.

இது நம்மை மூன்றாவது மறுப்புக்குக் கொண்டுவருகிறது. அரசு வலிமை மிக்கது. குடிமகன் அதன் கவுன்டரில் நிற்கும்போது கேட்கப்படும் எந்தக் கேள்வியும் அரைக் கட்டளைதான். நயமான சொற்களால் மனத்தைத் திருப்புவது அவன் சுதந்திரத்தில் கைவைப்பது என்பார்கள். இந்த அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. ஆனால் பிரிட்டனின் சோதனையில் ஒரு நுட்பம் உண்டு: வேலை முடிந்த பிறகே கேள்வி வந்தது. வரி கட்டியாகிவிட்டது. பக்கத்தை மூடிவிட்டுப் போனால் எதுவும் நிற்காது, எவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மறுப்பு எந்த விதத்திலும் விலை கேட்காத இடத்தில் வைக்கப்பட்ட கேள்வி அது. சொற்கள் மனத்தை அசைத்தன என்பது உண்மைதான். ஆனால் அவை அசைத்தது பொய்யால் அல்ல, பயத்தாலும் அல்ல. கேட்பவனுக்கும் பதில் சொல்பவனுக்கும் தெரிந்த ஒரு நியாயத்தால். நியாயத்தைச் சொல்லி ஒருவன் மனத்தை மாற்றுவதை ஏமாற்று என்றால், அறநூல்கள் அனைத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க நேரும்.

இதோடு மற்ற வழிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வேல்ஸ் 2015-இலும் இங்கிலாந்து 2020-இலும் சட்டத்தை மாற்றி, மறுப்பைப் பதிவு செய்யாத பெரியவர்கள் எல்லாரும் சம்மதித்தவர்களே என்று வைத்துக்கொண்டன. எளிய வழிபோலத் தெரிந்தது. ஆனால் இங்கிலாந்தில் குடும்பத்தினரின் சம்மத விகிதம் எதிர்பார்த்தபடி உயரவில்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் சட்டம், மருத்துவமனை நடையில் அழுதுகொண்டிருக்கும் மனைவிக்கோ தந்தைக்கோ எந்தச் செய்தியையும் தருவதில்லை. இறந்தவர் என்ன நினைத்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாதபோது வேண்டாம் என்று சொல்வதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். உலகில் உறுப்புக் கொடையில் முன்னணியில் நிற்கும் ஸ்பெயினின் சட்டமும் 1979 முதல் அனைவரையும் சம்மதித்தவர்களாகவே கருதுகிறது. ஆனால் நடைமுறையில் அங்கே குடும்பத்தாரைக் கேட்காமல் எதுவும் நடப்பதில்லை. அந்நாட்டின் வெற்றிக்குக் காரணம் 1989-இல் ரஃபேல் மத்தேசன்ஸ் தலைமையில் உருவான அமைப்பும், மருத்துவமனைதோறும் குடும்பத்தாரிடம் பேசப் பயின்ற ஒருங்கிணைப்பாளர்களும்தான் என்று அவரே பலமுறை விளக்கியிருக்கிறார். மறு ஓரத்தில் கட்டாயக் கேள்வி இருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2011-இல் ஓட்டுநர் உரிமப் படிவத்தில் விருப்பம் இருந்தால் குறியிடும் முறை போய், இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற முறை வந்தது. ஜட் கெஸ்லர், ஆல்வின் ராத் என்ற பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்தபோது, அது பதிவுகளைக் கூட்டியதாகத் தெரியவில்லை. நெருக்கிப் பிடித்துக் கேட்டாலும் பயனில்லை, கேட்காமல் விட்டாலும் பயனில்லை. நின்று யோசிக்க இடம் கொடுத்து, நல்ல காரணத்தோடு கேட்பதே மனிதருக்குத் தகுந்த வழி.

வண்டிக் காகிதத்தில் சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்பாரும் உண்டு. லைசென்ஸ் எடுக்கப் போகும் பிள்ளையிடம் நீ விபத்தில் இறந்தால் என்று கேட்கலாமா என்று தாய்மார்கள் மனம் பதறுவது இயல்பே. ஆனால் வங்கிக் கணக்கு தொடங்கும்போது நாமினி யார் என்று எழுதுகிறோம். ஆயுள் காப்பீட்டுப் படிவமே சாவை வைத்துத்தான் எழுதப்படுகிறது. பணத்துக்கு வாரிசைக் குறிப்பது சகுனத் தடை ஆகாதபோது, உடலுக்குக் குறிப்பது மட்டும் எப்படி ஆகும்? சாலையோடு இந்தக் கேள்விக்கு இன்னும் நெருங்கிய உறவு இருக்கிறது. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1.68 லட்சம் பேர் இறந்தார்கள். தலைக் காயத்தால் மூளைச்சாவு அடைபவர்களில் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள் நிறைய. தமிழ்நாட்டில் 2008-இல் ஒரு மருத்துவர் தம்பதியர், சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் பதின்வயது மகனின் உறுப்புகளைக் கொடுத்தது மாநிலம் முழுவதும் பேசப்பட்டு, இந்த இயக்கத்துக்கே உயிரூட்டியது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கொடையாளர்கள் கிடைப்பார்கள் என்பதற்காக எந்த அரசும் ஹெல்மெட் விதியில் மெத்தனம் காட்டக் கூடாது. அந்தக் காகிதத்தின் முதல் நோக்கம் ஓட்டுபவர் உயிரோடு வீடு திரும்புவதே.

இந்தியாவிலும் ஓட்டுநர் உரிம விண்ணப்பத்தில் விபத்தில் இறந்தால் உறுப்புகளைத் தர விருப்பமா என்ற கேள்வி இருக்கிறது. இடம் சரியானது. ஆனால் அது கேட்கப்படும் விதம், கேள்வியின் உயிரையே எடுத்துவிடுகிறது. விண்ணப்பத்தைப் பல பேருக்கு டிரைவிங் ஸ்கூல்காரரோ கம்ப்யூட்டர் சென்டரில் இருப்பவரோ நிரப்பித் தருகிறார்கள். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை என்று ஓடும் வரிசையில் இதையும் கேட்காமலே ஏதோ ஒன்றைக் குறித்துவிட முடியும். அப்படி விழுந்த குறி ஒப்புரவு ஆகாது, சம்மதமும் ஆகாது. சட்டமும் அதைப் போதுமானதாகக் கொள்வதில்லை. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி ஒருவர் தம் விருப்பத்தை எழுத்தில் தெரிவிக்கும்போது இரண்டு சாட்சிகளாவது வேண்டும். அவர்களில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். கடைசியில் முடிவு குடும்பத்தின் கையில்தான் வந்து நிற்கிறது. இதைப் பலர் குறையாகப் பார்க்கிறார்கள். நம் வாழ்க்கை முறைக்கு இது பொருந்துவதாகவே நான் காண்கிறேன். சாவு நம்மிடம் தனிமனிதனின் காரியமாக மட்டும் இருந்ததில்லை. அது உறவின் காரியம். ஆகவே படிவத்தின் கேள்வி, வீட்டுப் பேச்சைத் தொடங்கிவைப்பதாக இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஒருவரின் விருப்பம் முன்பே தெரிந்திருந்தால் பத்தில் ஒன்பது குடும்பங்கள் அதை மதிக்கின்றன என்பது பிரிட்டனின் அனுபவம்.

இனி கேட்பவரின் கடனுக்கு வருவோம். முதல் கடன் நம்பிக்கை. ஜப்பானில் 1968-இல் சப்போரோ நகரில் நடந்த முதல் இதய மாற்று அறுவை, கொடுத்தவர் உண்மையில் இறந்திருந்தாரா என்ற ஐயத்தைக் கிளப்பியது. அந்த ஒரு நிகழ்வின் நிழல் பல பத்தாண்டுகள் நீண்டது. மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு எடுக்க அந்நாட்டில் சட்டம் வந்தது 1997-இல்தான். இன்று ஜப்பானிய ஓட்டுநர் உரிமத்தின் பின்பக்கத்தில் விருப்பம் தெரிவிக்கும் இடம் இருக்கிறது. மூளைச்சாவிலும் தருவேன், இதயம் நின்ற பிறகு மட்டும் தருவேன், தர மாட்டேன் என்று மூன்று வழிகளும் அங்கே சம மதிப்போடு அச்சிடப்பட்டிருக்கின்றன. இல்லை என்று சொல்லவும் இடம் வைத்திருப்பது, பறிகொடுத்த நம்பிக்கையை மீட்கும் வழி. நம் நாட்டில் மூளைச்சாவை உறுதிசெய்ய நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு வேண்டும். குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதனை செய்ய வேண்டும். உறுப்பைப் பொருத்தும் குழுவினர் அதில் இருக்கக் கூடாது. 'உயிர் இருக்கும்போதே எடுத்துவிடுவார்களோ' என்று அஞ்சும் மனிதரிடம் இதை எளிய தமிழில் சொல்வது கேட்பவரின் கடமை. கேள்விக்குப் பக்கத்தில் இதைச் சொல்ல நான்கு வரி போதும்.

இரண்டாவது கடன் நீதி. நான் கேட்ட மறுப்புகளில் மிக வலிமையானதாக இதையே கருதுகிறேன். உறுப்பு தேவைப்பட்டால் ஏற்பீர்களா என்ற கேள்வி பிரிட்டனில் ஒரு மெய்யான கேள்வி. அங்கே பொது மருத்துவத் துறை ஏழைக்கும் பணக்காரருக்கும் கட்டணமில்லாமல் மாற்று அறுவை செய்கிறது. நம் நாட்டில் மாற்று அறுவைகளில் பெரும்பகுதி தனியார் மருத்துவமனைகளில் நடக்கிறது. தினக்கூலியிடம் உனக்குத் தேவைப்பட்டால் வாங்கிக்கொள்வாய் அல்லவா என்று கேட்டால், எனக்கு யார் தருவார்கள் என்று அவர் திருப்பிக் கேட்பார். சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் கிட்னிவாக்கம் என்ற பெயர் வந்தது, அங்கிருந்த ஏழைகள் கடனை அடைக்கச் சிறுநீரகத்தை விற்றதால்தான். அந்த நினைவுள்ள மண்ணில், கொடுப்பது ஒரு சாராருக்கும் பெறுவது இன்னொரு சாராருக்கும் என்ற ஐயம் எளிதில் மறையாது. ஒத்தவர் இடையே நிகழ்வதுதான் ஒப்புரவு. வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவரிடம் வட்டத்தின் கடமையைக் கேட்க முடியாது. ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்கத் துணியும் அரசு, வரிசை எப்படி ஓடுகிறது, யாருக்கு எது போனது என்பதை வெளிப்படையாக வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மாற்று அறுவைச் செலவை ஏற்பது நல்ல தொடக்கம். அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவைகள் பெருகினால் கேள்வியின் உண்மையும் பெருகும்.

ஆனால் நீதி முழுமையாகும்வரை கேட்காமல் இருப்போம் என்றும் சொல்ல முடியாது. இறந்தவர்களிடமிருந்து உறுப்பு கிடைக்காத இடத்தில் அந்தப் பளு உயிரோடிருப்பவர்கள் மேல் விழுகிறது. இந்தியாவில் இறந்தபின் உறுப்பைக் கொடுப்பவர்கள் பத்து லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவுகூட இல்லை. ஸ்பெயினில் அது நாற்பதைத் தாண்டுகிறது. அந்தப் பள்ளத்தை இங்கே நிரப்புவது வீட்டில் இருப்பவர்களின் சிறுநீரகம். உயிரோடு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்: தாய், மனைவி, சகோதரி. கொடுப்பதில் அவர்களுக்கு அன்பு இருக்கலாம்; மறுக்கும் வழி எல்லோருக்கும் இருக்கிறதா? பற்றாக்குறைதான் தரகர்களையும் வளர்க்கிறது. இறந்தவர்களின் உறுப்பு தாராளமாகக் கிடைக்கும் ஊரில் ஏழையின் சிறுநீரகத்துக்கு விலை பேச ஆள் வரமாட்டான். ஆகவே ஏழையையும் பெண்ணையும் முன்னிறுத்தும் மறுப்பு, முடிவில் இந்தக் கேள்வியைப் பரவலாகக் கேட்க வேண்டும் என்ற பக்கத்துக்கே வந்து சேர்கிறது.

ஒப்புரவு நியாயத்தை இன்னும் ஓர் அடி முன்னே தள்ளிச் செல்லும் நாடுகளும் உண்டு. இஸ்ரேல் 2008-இல் இயற்றிய சட்டம், கொடையாளராகப் பதிந்தவர்களுக்கு உறுப்பு தேவைப்படும்போது வரிசையில் முன்னுரிமை தருகிறது. சிங்கப்பூரில் கொடையிலிருந்து விலகிக்கொள்பவர்கள் வரிசையில் பின்னுக்குப் போகிறார்கள். கொடுக்க மறுப்பவன் வாங்க மட்டும் வரலாமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிட விரும்புகிறேன். இங்கேதான் ஒப்புரவு குறியெதிர்ப்பையாக மாறுகிறது. செயலிழந்த கல்லீரலோடு படுத்திருப்பவரின் தேவை, அவர் முன்பு எதில் கையெழுத்துப் போட்டார் என்பதைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யாது. சமய நம்பிக்கையால் மறுத்தவரை நோயின்போது தண்டிப்பது, அவர் மனச்சாட்சிக்கு விலை வைப்பது. ஊருணி, தன்னைத் தூர்வார வந்தவர்களுக்கு மட்டும் நீர் தருவதில்லை. கேள்வி மனச்சாட்சியிடம் கேட்கப்படும்வரைதான் அறம். அதன் பதிலுக்குப் பரிசும் தண்டனையும் வந்த பிறகு அது பேரம்.

இந்த எல்லைக்குள் நின்றால் நம் படிவத்தை எப்படித் திருத்த வேண்டும் என்பது தெளிவாகிறது. கேள்வியை விண்ணப்பத்தின் நடுவிலிருந்து எடுத்து, உரிமம் கைக்கு வந்த பிறகும் வரி கட்டி முடித்த பிறகும் வரும் இடத்தில் வைக்கலாம். முகவர் கைபடாமல், உரியவரின் கைப்பேசிக்கே அது போகலாம். தர விருப்பமா என்று மட்டும் கேட்காமல், தேவைப்பட்டால் ஏற்பீர்களா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். மூளைச்சாவு எப்படி உறுதிசெய்யப்படுகிறது, உறுப்பு யாருக்கு எந்த வரிசையில் போகிறது என்பதை அதே இடத்தில் சொல்லலாம். மறுப்பவருக்கும் நன்றி சொல்லலாம். பதிந்தவரிடம் இன்னொன்றும் கேட்கலாம்: இதை வீட்டில் சொல்லிவிட்டீர்களா? பிரிட்டனில் கூடியது நூற்றுக்கு ஒரு பேர்கூட இல்லை என்று இதைச் சிறிதாக எண்ண வேண்டாம். பதிவுகள் எல்லாம் கொடையாகிவிடாது என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு கொடையாளரால் எட்டு உயிர்கள்வரை பிழைக்க முடியும். சொற்களை மாற்றி வைப்பதற்கு அரசுக்குப் பெரிய செலவும் இல்லை. இரவு சாப்பாட்டின்போது, 'எனக்கு ஏதாவது ஆயிட்டா கொடுத்துடுங்க' என்று மகன் தயங்கித் தயங்கிச் சொல்வான். 'வாயைக் கழுவு' என்று தாய் அதட்டுவாள். ஆனாலும் அந்தச் சொல் அவள் காதில் விழுந்திருக்கும். என்றாவது ஒரு மருத்துவமனை நடையில், யாரிடமும் கேட்க முடியாத கேள்விக்கு அவளிடம் பதில் இருக்கும்.